காப்பெற் யாருக்கு மெத்தென்று இருக்கிறது?

எங்கட பக்கத்தில் 'காப்பெற்' எண்டு சொன்னால் முதலில் ஞாபகத்துக்கு வருவது வீடு இல்லை, வீதி. "எங்கட றோட்டுக்கும் காப்பெற் போட்டாச்சு" எண்டால் அது தாரும் சல்லியும். வீட்டுக்குள் விரிக்கிற காப்பெற் எங்களில் பலருக்குப் படத்தில் பார்க்கிற பொருள்தான். எங்கட நிலம் சீமெந்து, கொஞ்சம் வசதி வந்தால் ரைல்ஸ். காலமை தும்புத்தடியால் ஒரு இழுவை, பின்னேரம் இன்னொரு இழுவை, இடைக்கிடை ஈரத்துணி. மண் கண்ணுக்குத் தெரியும், கூட்டினால் போய்விடும். அவ்வளவுதான்.

அப்படியிருக்க, தடித்த மெத்தென்ற காப்பெற்றை வக்யூம் கிளீனரால் சுத்தம் செய்வது ஏன் கஷ்டம் என்பதைப் பற்றி எழுத எங்களுக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கட வீடுகளில் அந்தக் காப்பெற் இல்லைத்தான். ஆனால் அதுக்கு மேலே மெஷினைத் தள்ளுகிற கைகளில் எங்கட கைகளும் இருக்கின்றன. சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலைக்குப் போன அக்காமார், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற மாமாமார், கொழும்பு ஹொட்டல்களில் அறை ஒழுங்குபடுத்துகிற எங்கட வயதுப் பெடியள், பெட்டையள். இவர்களுக்கு இது படத்தில் பார்க்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு நாளும் தோள்மூட்டில் வந்து இறங்குகிற பொருள்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு பொருளை அதன்மேல் நடக்கிறவரின் காலை மட்டும் நினைத்துச் செய்தால், அதைத் துப்புரவு செய்கிறவரின் கை அதற்கு விலை கொடுக்கும். அந்த விலை எந்த விளம்பரத்திலும் இல்லை, எந்த லேபிளிலும் இல்லை, சம்பளத்திலும் இல்லை. இதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

மெஷின் ஏன் மறுக்கிறது?

முதலில் விஷயத்தை விளங்கிக் கொள்வோம். "மெஷின் தானே, தள்ளினால் போகும்" எண்டு நினைக்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

செயற்கை இழைகளின் மொத்தத்தை டெனியர் என்ற அளவால் சொல்வார்கள். 9,000 மீற்றர் நீளமான இழை எத்தனை கிராம் நிறுக்கிறதோ அதுதான் அதன் டெனியர். பழைய வகைக் காப்பெற்களில் தனி இழை ஏறத்தாழ 15 டெனியர் இருக்கும். இப்போது 'மிக மென்மை' என்று விற்கப்படும் காப்பெற்களில் அது 5க்குப் பக்கத்தில், சிலதில் அதற்கும் கீழே. இழை மெல்லிதாக ஆக, அதே இடத்துக்குள் இன்னும் அதிகமான இழைகளை நெருக்கி வைக்கலாம். கால் வைத்தால் பூனைக்குட்டியின் முதுகு மாதிரி இருக்கும். ஆனால் அந்த நெருக்கத்துக்குள் காற்றுப் போக இடம் குறைகிறது.

வக்யூம் கிளீனருக்கு வேண்டியது காற்றுத்தான். 'உறிஞ்சுதல்' எண்டு நாங்கள் சொன்னாலும், உண்மையில் மெஷின் எதையும் பிடித்து இழுப்பதில்லை. உள்ளே இருக்கிற விசிறி காற்றை வெளியே தள்ளுகிறது, உள்ளே அமுக்கம் குறைகிறது, வெளியில் இருக்கிற காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வருகிறது. ஓடி வருகிற காற்றுத்தான் தூசியையும் தூக்கிக் கொண்டு வருகிறது. காற்று ஓடாவிட்டால் தூசி அசையாது. மெஷின் எவ்வளவு பலமாகச் சத்தம் போட்டாலும் சரி.

தடித்த மெத்தென்ற காப்பெற்றில் நடப்பது என்னவெண்டால், மெஷினின் சக்கரங்கள் இழைக்குள் புதைந்து போகின்றன. அதனால் அதன் வாய்ப்பகுதி முழுதாக இழைமேல் படுத்துவிடுகிறது. சுற்றிவரக் காற்று நுழைய வழியில்லை. போத்தல் வாயை உள்ளங்கையால் பொத்தின மாதிரி ஆகிவிடுகிறது. இப்ப வெளிக்காற்றின் அமுக்கம் தூசியைத் தூக்குவதற்குப் பதிலாக மெஷினையே நிலத்தோடு சேர்த்து அழுத்துகிறது.

எவ்வளவு அழுத்தம்? சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் படித்த கணக்குத்தான். அமுக்கத்தைப் பரப்பளவால் பெருக்கினால் விசை வரும். மெஷினின் வாய் 30 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம் எண்டு வைப்போம். பரப்பளவு 0.015 சதுர மீற்றர். முழுதாக அடைபட்டால் நல்ல மெஷின் ஒன்று உருவாக்கும் அமுக்க வித்தியாசம் 20 கிலோபஸ்கால் அளவில் இருக்கும். பெருக்கிப் பாருங்கோ, 300 நியூற்றன். அதாவது ஏறத்தாழ 30 கிலோ எடையை மெஷினின் தலையில் வைத்த மாதிரி. நடைமுறையில் அங்கங்கே கொஞ்சம் காற்றுக் கசியும், அதனால் இவ்வளவு வராது. மூன்றில் ஒரு பங்கு வந்தாலும் 10 கிலோ. ஒரு அரிசிப் பையைக் காப்பெற்றில் வைத்து முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தள்ளிப் பாருங்கள். அதுக்குப் பிறகு "மெஷின் தானே" எண்டு சொல்ல வாய் வராது.

பிரச்சினை இதோடு முடியவில்லை. சில மெஷின்களில் வாய்க்குள் சுழலும் பிறஷ் ஒன்று இருக்கும். சாதாரண காப்பெற்றில் அது இழைகளைத் தட்டி, அடியில் கிடக்கிற மண்ணைக் கிளப்பிவிடும், நல்ல வேலை செய்யும். நீண்ட இழைக் காப்பெற்றில் அதே பிறஷ் இழைகளைச் சுற்றிக் கொண்டு நின்றுவிடும். மோட்டர் சுற்றப் பார்க்கும், பிறஷ் அசையாது, இடையில் இருக்கிற ரப்பர் வார் தேய்ந்து எரியும். எரிந்த ரப்பர் மணம் வரும்போது வீட்டுக்காரர் வந்து கேட்கிற முதல் கேள்வி, "என்ன செய்தாய்?" என்பதுதான்.

சத்தமும் ஏமாற்றும். காற்று அடைபடும்போது மோட்டருக்குச் சுமை குறைகிறது, அதனால் அது இன்னும் வேகமாகச் சுற்றும், சத்தம் கீச்சென்று மேலே ஏறும். கேட்கிறவருக்கு மெஷின் கடுமையாக வேலை செய்கிற மாதிரித் தெரியும். உண்மையில் அந்த நேரத்தில்தான் அது மிகக் குறைவாக வேலை செய்கிறது. கனக்க மெஷின்களில் மோட்டரைக் குளிர்விப்பதும் அதே காற்றுத்தான். ஆகவே கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாகவே நின்றுவிடும்.

மெஷினைக் கண்டுபிடித்தது யார்?

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். தெரிந்து வைத்திருக்க வேண்டிய கதை.

1901இல் லண்டனில் ஹியூபேர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அது வீட்டுக்குள்ளேயே போகாது. குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும், நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே போகும். 1902இல் ஏழாம் எட்வேர்ட் மன்னரின் முடிசூட்டுக்காக வெஸ்ற்மின்ஸ்ரர் அபேயின் காப்பெற்றுகளை அதைக் கொண்டு சுத்தம் செய்தார்கள். அரசரின் கால் படப்போகிற காப்பெற் அது.

அதே காலப்பகுதியில் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில், கன்ரன் என்ற ஊரில், ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவர் கடையொன்றில் துப்புரவு வேலை செய்தார். அவருக்கு ஆஸ்துமா. காப்பெற் கூட்டும்போது கிளம்புகிற தூசி அவரின் மூச்சை அடைத்தது. அவர் ஒரு மின்விசிறி மோட்டரையும், சவர்க்காரப் பெட்டியையும், தும்புத்தடிக் கம்பையும், தலையணை உறையையும் சேர்த்து, ஒரு ஆள் தனியே தூக்கித் தள்ளக்கூடிய மெஷின் ஒன்றைச் செய்தார். 1908இல் அதற்குக் காப்புரிமம் கிடைத்தது. அந்த உரிமத்தை வாங்கியவர் தோல் பொருட்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர். அந்தப் பெயர்தான் பிறகு உலகம் முழுக்கப் போனது. இங்கிலாந்தில் இன்றைக்கும் வக்யூம் பண்ணுவதை 'ஹூவர் பண்ணுவது' எண்டுதான் சொல்கிறார்கள். ஸ்பாங்ளரின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்களுக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தத் தலையணை உறை. இன்று வீடுகளில் இருக்கிற வக்யூம் கிளீனரின் மூதாதை, துப்புரவுத் தொழிலாளி ஒருவர் தன்ர நெஞ்சைக் காப்பாற்றச் செய்த கருவி. வேலை செய்கிற உடம்பில் இருந்து புறப்பட்ட யோசனை. அதற்குப் பிறகு வந்த காப்பெற்றுகள் வேறு இடத்தில் இருந்து புறப்பட்டன. கடையில் வாடிக்கையாளர் மாதிரித் துண்டைக் கையால் தடவிப் பார்ப்பார், எது மென்மையோ அது விற்கும். ஜோர்ஜியா மாநிலத்தின் டால்ரன் நகரம் உலகின் காப்பெற் தலைநகரம் எண்டு பெயர் எடுத்தது. அங்கே கொம்பனிகள் இழையை மெல்லிதாக்குவதிலும் நெருக்குவதிலும் ஒன்றோடொன்று போட்டி போட்டன. தடவிப் பார்க்கிற கை ஒன்று, தள்ளுகிற கை இன்னொன்று. கடைக்குப் போனது முதலாவது கை மட்டும்தான்.

அமெரிக்க வரலாற்றாசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் 1983இல் 'மோர் வேர்க் ஃபோர் மதர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு உபகரணங்கள் வந்தும் பெண்களின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பதுதான் அவரின் கேள்வி. முந்தி காப்பெற்றை வருஷத்தில் ஒன்றிரண்டு தரம் வெளியே தூக்கிக் கொண்டுபோய்த் தொங்கவிட்டு அடிப்பார்கள். அது பாரமான வேலை, ஆண்களும் பெடியன்களும் கூட நின்று செய்வார்கள். மெஷின் வந்ததும் அது ஒவ்வொரு கிழமையும் செய்ய வேண்டிய வேலையாகி, ஒரு பெண்ணின் தனி வேலையாகவும் ஆனது. மெஷின் வேலையைக் குறைக்கவில்லை, சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தியது. கூட நின்றவர்களையும் விடுவித்துவிட்டது. கிறைண்டர் வந்த பிறகு எங்கட வீடுகளில் தோசை அடிக்கடி வந்ததே தவிர, அம்மா அடுப்படியை விட்டு வந்தாரா எண்டு யோசித்துப் பாருங்கள். விளங்கும்.

லேபிளில் இல்லாத ஒன்று

ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்ரெம்பர் முதலாம் திகதி தொடக்கம் வக்யூம் கிளீனர்களுக்கு 1,600 வாற்று என்ற உச்ச வரம்பை வைத்தது. 2017 செப்ரெம்பரில் அது 900 வாற்று ஆனது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற நோக்கம், அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அதோடு ஒரு லேபிளும் வந்தது. எவ்வளவு மின்சாரம் எடுக்கும், எவ்வளவு சத்தம் போடும், எவ்வளவு தூசியைத் திரும்ப வெளியே விடும், காப்பெற்றை எப்படிச் சுத்தம் செய்யும், வெறும் தரையை எப்படிச் சுத்தம் செய்யும் என்று எல்லாம் அதில் இருந்தன.

டைசன் கொம்பனி அந்த லேபிளை எதிர்த்து வழக்குப் போட்டது. தூசி சேரும் பை வெறுமையாக இருக்கும்போது சோதித்துப் பார்த்தால் அது வீட்டில் நடப்பதைக் காட்டாது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. 2018 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அதை ஏற்று அந்த லேபிள் விதியை இரத்துச் செய்தது. வெறும் பையோடு யாரும் வீடு கூட்டுவதில்லை என்ற எளிய உண்மை நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தது.

நாங்கள் கேட்பது அதற்கும் எளிய ஒரு கேள்வி. அந்த லேபிளில் மின்சாரம் இருந்தது, சத்தம் இருந்தது, தூசி இருந்தது. தள்ளுகிறவர் எவ்வளவு விசை கொடுக்க வேண்டும் என்பது ஏன் இல்லை? அது அளக்க முடியாத ஒன்று இல்லை. கைப்பிடியில் ஒரு விற்றராசைக் கட்டி இழுத்தாலே தெரிந்துவிடும். மெஷின் எடுக்கிற சக்திக்கு வரம்பு உண்டு, கணக்கு உண்டு. ஆளிடம் இருந்து எடுக்கிற சக்திக்குக் கணக்கு இல்லை. ஏனெண்டால் முதலாவதற்கு மின் பில் வரும். இரண்டாவதற்கு பில் வருவது வேலை செய்கிறவரின் வீட்டுக்கு, பத்து வருஷம் கழித்து, முதுகு வலியாகவும் தோள் வலியாகவும்.

காப்பெற் பக்கமும் இதே கதைதான். டால்ரனில் இருக்கிற காப்பெற் அன்ட் றக் இன்ஸ்ரிரியூற் என்ற தொழில்துறை அமைப்பு மெஷின்களைச் சோதித்து முத்திரை கொடுக்கிறது. மண்ணை எவ்வளவு எடுக்கிறது, தூசியை எவ்வளவு அடக்கி வைக்கிறது, காப்பெற்றின் தோற்றம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காப்பெற் களைக்கிறதா எண்டு சோதிக்கிறார்கள். தள்ளுகிறவர் களைக்கிறாரா என்பது அந்தச் சோதனையில் இல்லை.

பழி எங்கே போகிறது?

இனி எங்கட ஆட்களிடம் வருவோம். 1970களின் பிற்பகுதியில் இருந்தே இலங்கைப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குச் சட்டம் வந்தது. மலையகத்தில் இருந்தும், மட்டக்களப்பு, திருகோணமலையில் இருந்தும், போருக்குப் பிறகு வன்னியில் இருந்தும் போனார்கள், இப்பவும் போகிறார்கள். போவதற்கு முதல் பயிற்சி உண்டு. மின் உபகரணங்களை எப்படிப் பாவிப்பது எண்டு காட்டிக் கொடுப்பார்கள். ஆனால் பயிற்சி நிலையத்தில் பார்க்கிற மெஷின் ஒன்று, போகிற வீட்டில் கிடக்கிற காப்பெற் வேறொன்று. விருந்தினர் இருக்கிற மஜ்லிஸ் மண்டபத்தில் சுவருக்குச் சுவர் விரித்த காப்பெற்றைத் தும்புத்தடியோடு வளர்ந்த ஒரு கை முதல்தரம் சந்திக்கிறது.

அந்த நேரத்தில் மெஷின் ஒட்டிக் கொண்டு நகர மறுத்தால், அது இழையின் அடர்த்தியால் வந்த பிரச்சினை எண்டு யாரும் சொல்ல மாட்டார்கள். "இவளுக்கு வேலை தெரியாது" எண்டுதான் சொல்வார்கள். மண் அடியிலேயே தங்கிவிட்டால் "ஒழுங்காகச் செய்யவில்லை". வார் எரிந்தால் "உடைத்துப் போட்டாள்". நேரம் கூடினால் "சோம்பேறி". ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பின்னால் ஒரு பொறியியல் காரணம் இருக்கிறது. ஆனால் அதை விளக்கிச் சொல்லுகிற மொழியும் அவவிடம் இல்லை, இடமும் இல்லை. கஃபாலா முறையின் கீழ் அவவின் விசாவே அந்த வீட்டுக்காரரின் கையில் இருக்கிறது. "உந்தக் காப்பெற்றுக்கு உந்த மெஷின் சரிவராது" எண்டு சொல்லக்கூடிய உறவா அது?

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மெத்தென்ற காப்பெற் மண்ணை ஒளித்து வைக்கும். மேலே பார்த்தால் வடிவாக இருக்கும், மண் அடியில் இருக்கும். ஆனால் வேலையை மதிப்பிடுகிறவர் பார்ப்பது மேற்பரப்பைத்தான். வக்யூம் போன பாதையில் இழை ஒரு பக்கம் சாய்ந்து கோடு விழும். அந்தக் கோடு நேராக இருந்தால் 'சுத்தம்'. ஹொட்டல் அறைகளிலும் அப்படித்தான், கோடு இருக்க வேண்டும், அதுக்கு மேலே கால் தடம் இருக்கக் கூடாது. ஆகவே வேலை செய்கிறவர் இரண்டு வேலை செய்கிறார். மண்ணை எடுக்கிற வேலை ஒன்று, மண் எடுத்த மாதிரிக் காட்டுகிற வேலை இன்னொன்று. சம்பளம் ஒன்றுக்குத்தான்.

"அப்ப காப்பெற்றே வேண்டாமா?"

இந்தக் கேள்வி வரும் எண்டு தெரியும். நாங்கள் காப்பெற்றுக்கு எதிரி இல்லை. பனிக் குளிரில் வெறும் தரையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், காப்பெற் ஆடம்பரம் மட்டும் இல்லை. மாடி வீட்டில் கீழே இருப்பவரின் நித்திரையையும் அது காப்பாற்றும். தவழுகிற பிள்ளைக்கும் மெத்தென்ற நிலம் நல்லதுதான்.

"இப்ப றோபோ வந்திட்டுதே" எண்டும் சிலர் சொல்வார்கள். வந்திருக்கிறது. சமதரையில் அது நன்றாக ஓடும். தடித்த, நீண்ட இழைக் காப்பெற்றில் அதுவும் சிக்கி நின்று உதவி கேட்டுச் சத்தம் போடும். அதைத் தூக்கி விடுகிற கையும் அதே கைதான். அதோடு, ஆளின் உழைப்பு மலிவாகக் கிடைக்கிற இடத்தில் மெஷினைத் திருத்த யாருக்கும் அவசரம் வராது.

இன்னொரு பதிலும் உண்டு: "கொஞ்சம் பார்த்துப் பக்குவமாகச் செய்தால் சரி." அதிலும் பாதி உண்மை இருக்கிறது. பக்குவம் எண்டால் என்ன எண்டு சொல்லிக் கொடுத்தால்தான் அது பக்குவம், இல்லையெண்டால் அது வெறும் பேச்சு. ஆகவே இதை வாசிக்கிறவர்களில் யாராவது நாளைக்கு ஒரு ஹொட்டலிலோ வெளிநாட்டிலோ இந்த வேலைக்குப் போவதாக இருந்தால், அல்லது போயிருக்கிற அக்காவோடு வட்ஸ்அப்பில் கதைப்பதாக இருந்தால், இதைச் சொல்லுங்கோ.

மெஷின் ஒட்டிக் கொண்டால் பலத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். கைப்பிடிக்குப் பக்கத்தில் குழாயில் சின்னதாக ஒரு நகர்த்தும் மூடி இருக்கிறதா எண்டு பாருங்கள். கனக்க மெஷின்களில் இருக்கும். அதைக் கொஞ்சம் திறந்தால் வெளிக்காற்று உள்ளே வரும், பிடி தளரும், வாய் நகரும். வாய்ப்பகுதியின் உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் ஆக உயரத்தில் வைத்துத் தொடங்கி, பிறகு படிப்படியாக இறக்குங்கள். நீண்ட இழைக் காப்பெற்றில் சுழலும் பிறஷை நிற்பாட்டி விடுங்கள். முன்னுக்குத் தள்ளுவதைவிடப் பின்னுக்கு மெதுவாக இழுப்பது சுகம். காற்றுக்குத் தூசியைத் தூக்க நேரமும் கிடைக்கும். பையை நிரம்பவிடாதீர்கள். தூக்கக்கூடிய சின்ன விரிப்பு எண்டால், கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தால் ஒருக்கால் வக்யூம் பண்ணினால் அடியில் இருக்கிற மண் உதிர்ந்து விழும். வெளியே தொங்கவிட்டு அடிக்கிற பழைய முறையும் கெட்டுப் போகவில்லை.

ஆனால் இந்த அறிவுரைகளோடு கட்டுரையை முடித்தால் நாங்களும் பழியைக் கையின் மேலேயே போட்டவர்கள் ஆவோம். கை கற்றுக் கொள்ளும், அது எப்பவும் கற்றுக் கொண்டுதான் இருக்கிறது. மற்றவர்களும் கொஞ்சம் கற்க வேண்டும்.

காப்பெற் விற்கிறவர் அதைச் சுத்தம் செய்ய எந்த வகை மெஷின் வேண்டும் என்பதை விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும். மெஷின் செய்கிறவர் தடித்த காப்பெற்றில் அதைத் தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்பதை அளந்து பெட்டியில் போட வேண்டும். ஹொட்டல் நடத்துகிறவர் ஒரு அறைக்கு இத்தனை நிமிஷம் எண்டு கணக்குப் போடும்போது, அந்த அறையில் ரைல்ஸா காப்பெற்றா எண்டு பார்த்துப் போட வேண்டும். எங்கட நாட்டுப் பயிற்சி நிலையங்களில், மெஷினை எப்படிப் பாவிப்பது என்பதோடு, எந்த இடத்தில் மெஷின் தோற்கும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். "இது என்ர பிழை இல்லை, இந்த மெஷின் இதுக்குச் சரிவராது" எண்டு சொல்லுகிற வசனத்தை அரபியிலும் ஆங்கிலத்திலும் பாடமாக்கி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வசனம் பலபேருக்கு ஏச்சைத் தவிர்க்கும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16ஆம் திகதி வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்படிக்கையை ஏற்றுக் கொண்டது. வீட்டு வேலையும் வேலைதான், அதைச் செய்கிறவரும் தொழிலாளிதான் என்பது அதன் சாரம். தொழிற்சாலையில் ஒரு மெஷின் தொழிலாளியின் உடம்பைக் கெடுத்தால் அது தொழில் பாதுகாப்புப் பிரச்சினை எண்டு யாரும் ஏற்றுக் கொள்வார்கள். வீட்டுக்குள் அதே விஷயம் நடந்தால் "வேலை எண்டால் களைக்கும் தானே" எண்டு சொல்லி விடுகிறோம். சட்டம் மாறுவதற்கு முன்னம் இந்த 'தானே' மாற வேண்டும்.

எங்களில் கனபேருடைய படிப்புக் காசு அப்படியான வீடுகளில் இருந்துதான் வந்தது. ரியூசன் காசு, சைக்கிள், கம்பஸ் போகிற பஸ் காசு எல்லாத்துக்கும் பின்னால் யாரோ ஒரு சித்தியோ அக்காவோ தள்ளின மெஷின் ஒன்று இருக்கிறது. அவர்கள் ரெலிபோனில் "இங்க எல்லாம் மெஷின்தான், கஷ்டமில்லை" எண்டு சொன்னார்கள். எங்களைக் கவலைப்படுத்தக் கூடாது எண்டு சொன்ன வார்த்தை அது. இனி அடுத்த முறை அப்படிச் சொன்னால், "என்ன மெஷின், என்ன காப்பெற், தோள் நோகுதா?" எண்டு ஒரு கேள்வி கூடக் கேட்போம்.